டிரைவை அழித்தபின் எழும்பாத மடிக்கணினி: திரை காட்டும் அறிகுறிப்படி சரிசெய்வது எப்படி?

அக்காவின் மடிக்கணினி பல்கலைக்கழகம் போகும் தம்பிக்குக் கைமாறுகிறது. பழைய மேக்புக் ஒன்று விற்பனைக்குத் தயாராகிறது. வைரஸ் தொல்லை பொறுக்காத ஒருவர், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைக்கிறார். இப்படித்தான் டிரைவிலுள்ள கோப்புகளோடு சேர்ந்து விண்டோஸ், மேக்ஓஎஸ் போன்ற சிஸ்டமும் அழிந்துபோகிறது. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் மட்டுமே வருகின்றன. கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து என்னிடம் வரும் மடிக்கணினிகளில் மீண்டும் மீண்டும் பார்க்கும் கோளாறு இதுதான். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் "மதர்போர்டு போய்விட்டதாம்" என்ற கவலையோடுதான் வருகிறார்கள்.

டிரைவை அழித்ததால் மதர்போர்டு கெடுவதில்லை. கணினியை முதலில் எழுப்பும் நிரல் டிரைவில் இல்லை. மதர்போர்டிலுள்ள தனிச் சில்லில் இருக்கிறது. நிறுவனத்தின் சின்னமோ ஏதாவது ஒரு பிழைச் செய்தியோ திரையில் வந்தால், இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது. எந்தச் செய்தி வருகிறது என்று பாருங்கள். கீழே அதற்குரிய தலைப்புக்கு நேரே போங்கள். ஒரு பொருளையும் அதுவரை வாங்க வேண்டாம்.

எதைத் தொடுமுன்னும்: அழிந்த கோப்புகள் வேண்டுமா?

வேண்டும் என்றால் இப்போதே கணினியை அணைத்துவிடுங்கள். புதிய சிஸ்டத்தை நிறுவினால் அது பழைய கோப்புகள் இருந்த இடத்தின் மேலேயே எழுதப்படும். உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், மேலே எதுவும் எழுதாதவரை தரவு மீட்பு நிபுணரால் கணிசமான அளவு எடுக்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த பகுதிகளை அது தானாகவே காலி செய்துகொள்ளும். 2018 முதல் 2020 வரை வந்த, டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சில்லு கொண்ட இன்டெல் மேக்புக்குகளிலும், 2020 நவம்பரிலிருந்து வந்த ஆப்பிள் சில்லு மேக்புக்குகளிலும் தரவு முழுவதும் மறைகுறியாக்கத்தில் இருக்கும். அழிக்கும்போது திறவுகோலும் அழிந்துவிடுவதால் மீட்க வழியே இல்லை. அந்த மாடல்களில் "படங்களை எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஐகிளவுட், கூகுள் ஃபோட்டோஸ், ஒன்டிரைவ் கணக்குகளில் பிரதி இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

கோப்புகள் வேண்டாம் அல்லது பிரதி இருக்கிறது என்றால், சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடருங்கள். கோலாலம்பூரில் இந்த வேலையைக் காலையில் தொடங்குவது நல்லது. மாலை இடிமழையில் மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும்; ஆனால் ரவுட்டர் அணைந்து, பாதிப் பதிவிறக்கம் அறுந்துவிடும்.

விளக்கே எரியவில்லை, சின்னமும் வரவில்லை

டிரைவை அழித்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. வேறொரு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மீண்டும் சார்ஜரோடு இயக்குங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் ரேம், பேட்டரி, மதர்போர்டு என எதுவாகவும் இருக்கலாம். கடைக்குப் போக வேண்டிய கட்டம் இது.

## விண்டோஸ் மடிக்கணினிகள்

"பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்", "நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது பிஎக்ஸ்இ என்று தொடங்கும் வரி

எச்பி மாடல்களில் இதனோடு 3எஃப்0 என்ற குறியீடும் வரும். எல்லாமே சொல்வது ஒன்றுதான்: தொடங்குவதற்குரிய சிஸ்டம் எங்கும் கிடைக்கவில்லை. பிஎக்ஸ்இ வரி வந்தால் கணினி டிரைவில் ஒன்றும் கிடைக்காமல் நெட்வொர்க் வழியாகத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. கணினியை எழுப்பும் நிரலின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். இயக்கியவுடன் எச்பியில் எஸ்கேப் பிறகு எஃப்10, டெல், ஏசர், ஏசூஸ் ஆகியவற்றில் எஃப்2, லெனோவோவில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1 என்று விட்டுவிட்டு அழுத்த வேண்டும். சில மாடல்களில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஸ்டோரேஜ் அல்லது இன்ஃபர்மேஷன் பக்கத்தில் எஸ்எஸ்டியின் பெயரும் அளவும் தெரிந்தால், கவலையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது. டிரைவ் நலமாக இருக்கிறது. விண்டோஸைத் திரும்பப் போட்டால் போதும்.

பெயர் தெரியவில்லை என்றால் டிரைவ் அதன் இடத்திலிருந்து தளர்ந்திருக்கலாம், அல்லது பழுதாகியிருக்கலாம். உத்தரவாதக் காலம் முடியாத கணினியை நீங்கள் திறக்காதீர்கள். முடிந்திருந்தால், பின்மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை ஒருமுறை எடுத்து மீண்டும் பொருத்தித் திருகை இறுக்கலாம். அதற்கும் தெரியாவிட்டால் புதிய எஸ்எஸ்டி தேவைப்படும். அதன் விலை, மதர்போர்டு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

டிரைவ் தெரிகிறது என்றால் இன்னொரு விண்டோஸ் கணினியும், குறைந்தது 8 ஜிகாபைட் கொள்ளும் பென்டிரைவும் தேவை. பென்டிரைவில் இருப்பது அனைத்தும் அழிந்துவிடும். முக்கியமானவை இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகக் கிடைக்கும். அதை ஓடவிட்டுப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், தேவையானதைத் தானே இறக்கி எழுதிவிடும். டெல்லின் புதிய மாடல்கள் சிலவற்றில் எஃப்12 பட்டியலிலிருந்தே இணையம் வழியாக மீட்கும் வசதி உண்டு. இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள்.

பழைய கணினிக்கு எந்த விண்டோஸ் என்பதையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சில்லும் வேண்டும். தகுதியுள்ள கணினியே "திஸ் பிசி கான்ட் ரன் விண்டோஸ் 11" என்று மறுத்தால், பயாஸில் டிபிஎம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் கணினிகளில் அது பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும்.

பென்டிரைவைச் செருகியும் அதே பிழைச் செய்தி

கணினி பென்டிரைவைத் தானாகப் பார்ப்பதில்லை. நீங்கள்தான் காட்ட வேண்டும். இயக்கியவுடன் எச்பியில் எஃப்9, டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12, ஏசூஸில் எஸ்கேப் அழுத்தினால் பூட் பட்டியல் வரும். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயாஸின் மெயின் பக்கத்தில் "எஃப்12 பூட் மெனு" என்பதை இயக்க வேண்டும். லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்குச் சிறு துளையில் தனிப் பொத்தான் உண்டு.

பட்டியலில் பென்டிரைவின் பெயரே இல்லை என்றால் வேறு துளையில் செருகுங்கள். அதன்பின் பென்டிரைவையே சந்தேகப்படுங்கள். விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பை இறக்கி, அப்படியே பென்டிரைவில் நகலெடுத்துக் கொண்டுவருபவர்கள் நிறைய. அதிலிருந்து கணினி தொடங்காது. மீடியா கிரியேஷன் டூலால் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நிறுவும் திரை வருகிறது, ஆனால் டிரைவ் பட்டியல் காலி

பலரைக் கடைக்கு விரட்டுவது இந்தத் திரைதான். பயாஸில் எஸ்எஸ்டி தெளிவாகத் தெரியும். நிறுவும் நிரலோ டிரைவ் எதுவும் இல்லை என்று சொல்லும். புதிய எஸ்எஸ்டி வாங்கிப் போட்டாலும் அதே திரைதான் வரும், ஏனென்றால் கோளாறு எஸ்எஸ்டியில் இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகள் எஸ்எஸ்டியை விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் வைத்திருக்கின்றன. அதை அடையாளம் காண உதவும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பெரும்பாலும் இருப்பதில்லை.

நல்ல வழி டிரைவரைக் கொடுப்பது. இன்னொரு கணினியில் உங்கள் மடிக்கணினி நிறுவனத்தின் ஆதரவுத் தளத்துக்குப் போய், அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் கொடுங்கள். ஸ்டோரேஜ் பிரிவில் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற டிரைவர் இருக்கும். இறக்கிய கோப்பை அப்படியே வைக்காமல் பிரித்து, உள்ளிருக்கும் கோப்புறையைப் பென்டிரைவில் போடுங்கள். நிறுவும் திரையில் "லோட் டிரைவர்" அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் எஸ்எஸ்டி பட்டியலில் வந்துவிடும்.

டிரைவர் கிடைக்கவில்லை என்றால் பயாஸில் விஎம்டியை அணைக்கலாம். வழக்கமாக இதைச் செய்தால் பழைய விண்டோஸ் எழும்பாது. டிரைவ் ஏற்கெனவே காலியாக இருக்கும் உங்களுக்கு அந்த இழப்பு இல்லை. எல்லா மாடலிலும் அந்தத் தேர்வு வெளிப்படையாகத் தெரியாது. தெரியாவிட்டால் டிரைவர் வழிக்கே திரும்புங்கள்.

டிரைவ் தெரிகிறது, ஆனால் எம்பிஆர், ஜிபிடி என்று ஏதோ சொல்லி மறுக்கிறது

எம்பிஆர், ஜிபிடி என்பவை டிரைவைப் பிரிவுகளாக வகுக்கும் இரு முறைகள். பழைய பிரிவுகளின் எச்சம் இது. அந்த டிரைவுக்குரிய பிரிவுகள் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுங்கள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து "அன்அலொகேட்டட்" என்று வந்தபின் அதையே தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் அழுத்துங்கள். நீக்குமுன் டிரைவின் அளவைக் கவனியுங்கள்: பட்டியலில் உங்கள் பென்டிரைவும், சில கணினிகளில் கோப்புகள் நிறைந்த இரண்டாவது டிரைவும் இருக்கும். அவற்றைத் தொட்டுவிடாதீர்கள்.

நிறுவி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது

கணினி மீண்டும் பென்டிரைவிலிருந்தே தொடங்குகிறது. முதல் மறுதொடக்கத்தின்போது பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள்.

இணையம் வேண்டும் என்கிறது, வைஃபை பட்டியலே இல்லை

வைஃபைக்கான டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கணினி அதைக் கம்பி இணைய இணைப்பாக எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட் மற்ற டிரைவர்களைத் தானே கொண்டுவரும்.

விண்டோஸ் திறவு எண் கேட்கிறது

வாங்க வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸுடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளின் மதர்போர்டிலேயே உரிம எண் பதிந்திருக்கும். கேட்கும் இடத்தில் "ஐ டோன்ட் ஹாவ் எ பிராடக்ட் கீ" என்பதை அழுத்துங்கள். ஹோம் பதிப்போடு வந்த கணினியில் ஹோம் பதிப்பையே போட்டால், இணையம் கிடைத்ததும் உரிமம் தானாகச் செயல்படும். ப்ரோ பதிப்பைப் போட்டுவிட்டு "ஆக்டிவேட் ஆகவில்லை" என்று வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. அவர்களில் சிலர் அதற்குள் மலிவு விலைத் திறவு எண் ஒன்றை இணையத்தில் வாங்கியும் இருப்பார்கள்.

## மேக்புக்

முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அணைந்த நிலையில் பொத்தானை அழுத்தி விடாமல் பிடியுங்கள். "லோடிங் ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ்" என்று எழுத்து வந்தால் அது ஆப்பிள் சில்லு கொண்ட மாடல். ஆப்ஷன்ஸ், பிறகு கன்டின்யூ அழுத்தி மீட்புத் திரைக்குப் போய்விடலாம். வராவிட்டால் இன்டெல் மாடலாக இருக்கலாம். அல்லது ஆப்பிள் சில்லு மாடலில் மீட்புப் பகுதியும் சேர்ந்து அழிந்திருக்கலாம். அடுத்து வரும் தலைப்புகளில் உங்கள் திரை எது என்று பாருங்கள்.

கேள்விக்குறியோடு மின்னும் கோப்புறை

இன்டெல் மேக்புக்கில் சிஸ்டம் இல்லாதபோது வருவது. அணைத்துவிட்டு, இயக்கியவுடன் ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். சுழலும் பூமிப்பந்து வரும்வரை கையை எடுக்காதீர்கள். டிரைவில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் மீட்புத் திரையை இணையத்திலிருந்து கொண்டுவரும் வழி இது. அந்த மேக்குக்குப் பொருந்தும் ஆகப் புதிய பதிப்பு கிடைக்கும். அதோடு ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் வாங்கும்போது வந்த பதிப்போ அதற்கு நெருங்கியதோ கிடைக்கும். புளூடூத் விசைப்பலகையில் அழுத்தினால் கணினி கவனிக்காமல் போகலாம். மடிக்கணினியின் விசைகளையே அழுத்துங்கள். பூமிப்பந்து வரவே இல்லை என்றால் ஆப்ஷன், கமாண்ட், பி, ஆர் நான்கையும் இயக்கியவுடன் 20 விநாடி பிடித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

டி2 சில்லு உள்ள மாடல்களுக்கு ஓர் எச்சரிக்கை. நண்பர் தயாரித்துத் தந்த மேக்ஓஎஸ் பென்டிரைவிலிருந்து தொடங்க அவை இயல்பாக அனுமதிப்பதில்லை. அனுமதியை மாற்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கேட்கும். டிரைவோடு அந்தக் கணக்கும் அழிந்துவிட்டது. பென்டிரைவோடு போராடாமல் இணைய வழியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பூமிப்பந்தும் ஆச்சரியக்குறியும், கீழே மைனஸ் 2003எஃப் போன்ற எண்

இது இணைய இணைப்பின் கோளாறு. உலாவியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வைஃபையில் இந்த மீட்பு வேலை செய்யாது. பல்கலைக்கழக விடுதி, ஹோட்டல், உணவகம் ஆகியவற்றின் வைஃபை பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். சாதாரணக் கடவுச்சொல் மட்டும் கேட்கும் வீட்டு வைஃபை வேண்டும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து செய்யுங்கள். ஒருமுறை ரவுட்டரை அணைத்து இயக்குங்கள். கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டும் உதவும். ஆனால் மேக்ஓஎஸ் நிறுவும் கோப்பு 10 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடியது. இங்கே பல தொலைபேசித் திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கெனத் தனி அளவு உண்டு. போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பூமிப்பந்து ஒரு மணி நேரம் சுழன்றாலும் பதற வேண்டாம். கீழே உள்ள கோடு அசைகிறதா என்பதே முக்கியம்.

மீட்புத் திரை வந்தும் "ரெகவரி சர்வர்" கிடைக்கவில்லை என்கிறது

மேல் வலது மூலையில் வைஃபை இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருந்தும் மறுத்தால் தேதியைச் சந்தேகப்படுங்கள். நீண்ட நாள் பேட்டரி காலியாகக் கிடந்த மேக்கில் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். அப்போது ஆப்பிளின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லுபடியாகாதவையாகத் தோன்றும். யூடிலிட்டீஸ் பட்டியலில் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலத்தில் டேட் என்று தட்டி என்டர் அழுத்தினால் தேதி தெரியும். தவறாக இருந்தால் அதே சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டு என ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துத் தட்டுங்கள். 2025 நவம்பர் 8, பிற்பகல் 2.30 என்றால் 1108143025. மலேசிய நேரத்திலிருந்து சில மணி நேரம் வேறுபட்டாலும் பரவாயில்லை.

நிறுவ டிரைவே காட்டவில்லை

டிஸ்க் யூடிலிட்டியில் வியூ பட்டியலுக்குப் போய் "ஷோ ஆல் டிவைசஸ்" தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாதவரை மேல்நிலை டிரைவ் கண்ணில் படாது. இன்டெல் மேக்கில் ஆக மேலே உள்ள டிரைவைத் தேர்ந்தெடுத்து இரேஸ் கொடுத்து, ஏபிஎஃப்எஸ் வடிவமும் ஜியுஐடி முறையும் தேர்ந்தெடுங்கள். 2017இல் வந்த ஹை சியராவுக்கு முந்திய பதிப்பை நிறுவுவதானால் ஏபிஎஃப்எஸ் அதற்குப் புரியாது. மேக்ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஜர்னல்டு தேர்ந்தெடுக்க வேண்டும். ஆப்பிள் சில்லு மாடலில் மேல்நிலை டிரைவைத் தொடாமல் மேக்கின்டாஷ் எச்டி என்ற பகுதியை மட்டும் அழியுங்கள்.

இடப்பக்கம் சில ஜிகாபைட் அளவுள்ள டிஸ்க் இமேஜ் மட்டுமே தெரிந்தால், கணினி தன் டிரைவையே காணவில்லை. 2012ஆம் ஆண்டின் 13 அங்குல மேக்புக் ப்ரோவில் டிரைவை இணைக்கும் தட்டைக் கம்பி அடிக்கடி பழுதாகும். டிரைவை மாற்றுமுன் அதை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டி2, ஆப்பிள் சில்லு மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், அது உண்மையாகவே பழுதானால் பெரிய செலவுதான்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி

ஆப்பிள் சில்லு மாடலில் மீட்புப் பகுதியும் அழிந்ததன் அறிகுறி. விசைகளை எப்படி அழுத்தினாலும் பயனில்லை. இன்னொரு மேக்கும், தரவு கடத்தும் யூஎஸ்பி சி கம்பியும் வேண்டும்; தண்டர்போல்ட் 3 கம்பி ஆகாது. உதவும் மேக்கில் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். மேக்ஓஎஸ் சோனோமா அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால் ஃபைண்டரே போதும். பழுதான கணினியை, கம்பி வழியாக இன்னொரு மேக் சரிசெய்யக் காத்திருக்கும் டிஎஃப்யு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். கம்பியை எந்தத் துளையில் செருகுவது, எந்த விசைகளைப் பிடிப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆப்பிள் தளத்தில் உங்கள் மாடலுக்குரியதைப் பார்த்துச் செய்யுங்கள். தவறான துளையில் செருகினால் ஒன்றுமே நடக்காது. உதவும் மேக்கின் திரையில் முதலில் ரிவைவ் (தொடக்க நிரலை மட்டும் சரிசெய்வது), பலிக்காவிட்டால் ரிஸ்டோர் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது) கொடுங்கள். இன்னொரு மேக் கிடைக்காவிட்டால் ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்துக்கோ, 2024 ஜூனில் கோலாலம்பூரின் டிஆர்எக்ஸ் வணிக வளாகத்தில் திறந்த ஆப்பிள் கடைக்கோ முன்பதிவு செய்து கொண்டுபோங்கள்.

பூட்டுச் சின்னம், ஆப்பிள் கணக்கு அல்லது "ரிமோட் மேனேஜ்மென்ட்" திரை

இவை பழுதல்ல, உரிமை பற்றிய கேள்விகள். ஆப்பிள் கணக்கைக் கேட்டால், முந்தைய உரிமையாளர் தம் ஐகிளவுட் பக்கத்திலிருந்தே அந்தக் கணினியை நீக்கித் தரலாம். நேரில் வர வேண்டியதில்லை. பூட்டுச் சின்னத்தோடு கடவுச்சொல் கட்டம் வந்தால், முதலில் வாங்கியபோது கொடுத்த ரசீதோடு ஆப்பிளிடம்தான் போக வேண்டும். "ரிமோட் மேனேஜ்மென்ட்" என்றால் அது ஏதோ ஒரு நிறுவனம் அல்லது பள்ளியின் நிர்வாகத்தில் உள்ள கணினி. அவர்கள் விடுவிக்காதவரை உங்களுடையதாகாது. விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

## கடைக்குப் போவதென்றால்

கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவுக்கோ, பினாங்கில் கொம்தார் பக்கத்துக்கோ போகிறவர்கள் சார்ஜரையும் வாங்கிய ரசீதையும் கையோடு கொண்டுபோங்கள். "திடீரென்று எழும்பவில்லை" என்று சொல்லாதீர்கள். "டிரைவை நானே அழித்தேன், அதன்பிறகு இந்தச் செய்தி வருகிறது" என்று சொல்லி, திரையைப் படம் பிடித்துக் காட்டுங்கள். பாதி நேரம் அங்கேயே மிச்சமாகும்.

விண்டோஸ் கணினி என்றால், விலை பேசுமுன் அவர்களிடமுள்ள விண்டோஸ் பென்டிரைவை உங்கள் கண் முன்னால் செருகி இயக்கச் சொல்லுங்கள். ரேம் சோதனை, தூசி துடைப்பு, மதர்போர்டு பரிசோதனை எல்லாம் அதற்குப் பிறகு. அந்தத் திரையில் உங்கள் எஸ்எஸ்டி சரியான அளவோடு தெரிந்தால், விண்டோஸ் நிறுவும் கூலியை மட்டும் பேசி முடியுங்கள். தெரியாமல் போய், புதிய எஸ்எஸ்டி போட வேண்டி வந்தால், கழற்றிய பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.